பெட்டியில் கிடந்த வெப்பமானிகள்



விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் வாளியைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்து நின்றவர்கள் இன்னும் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கண்ணாடிக் கருவி நன்றாக நினைவிருக்கும். கிராணியார் அதைப் பாலில் மிதக்க விடுவார். குனிந்து பார்ப்பார். ஓர் எண்ணைச் சொல்லுவார். அந்த எண் கணக்கில் ஏறும். மெட்ரோலாக் என்பது அதன் பெயர். பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டும். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே கெட்டியான பாலில் அந்தக் கருவி ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்த பாலில் மேலெழும்பி நிற்கும். ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் அந்தக் கண்ணாடித் தண்டின் கோடுகளில் அடங்கியிருந்தன என்றால் அது மிகையாகாது.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பழைய ஸ்டோர்கள் பூட்டிக் கிடக்கின்றன; சில இடிந்தும் போயின. அந்த மெட்ரோலாக் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பழைய அளவுக் கருவிகளைத் தேடிச் சேர்த்து வைப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய மழைக் கணக்குப் புத்தகம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மழையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. புத்தகத்தில் உள்ள படத்தைக் காட்டுவதைவிட, நம் தோட்டத்தில் பெய்த மழையின் கணக்கையே காட்டினால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும் என்று எண்ணி, ஆபீசில் கேட்டு ஒரு பழைய பேரேட்டை வாங்கி வந்தேன். நாள் தவறாமல் எழுதியிருந்தார்கள். மாதத்திற்கு 8 அங்குலம், 9 அங்குலம் என்று வந்துகொண்டிருந்த கணக்கு, ஓரிடத்தில் திடீரென்று 20, 23 என்று ஏறியிருந்தது. ஒன்பது மாதங்கள் அப்படியே போய், பிறகு பழையபடி இறங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணியார் ஒருவர் பக்கத்துப் பட்டணத்தில் மகன் வீட்டில் இருந்தார். போய்க் கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “வாத்தியாரே, மழை அளக்கிற கிளாஸ் ஒரு நாள் உடைஞ்சு போச்சு. வேற தோட்டத்திலிருந்து ஒரு கிளாஸ் வாங்கிட்டு வந்து அளந்தோம். அப்புறம் எல்லாமே புதுசா வந்திடுச்சு. பழைய செம்புப் பாத்திரத்தைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டாங்க.”

இதில் என்ன கோளாறு என்று நேயர்கள் கேட்கலாம். மழைமானியின் வாய் ஒரு புனல். அந்தப் புனலின் அகலத்துக்குத் தக்கபடிதான் கிளாசில் கோடு போடுவார்கள். 8 அங்குல வாயுள்ள மழைமானியும் உண்டு. 5 அங்குல வாயுள்ளதும் உண்டு. 8 அங்குல வாயின் பரப்பு, 5 அங்குல வாயின் பரப்பைப்போல் 2.56 மடங்கு. எட்டை எட்டால் பெருக்கினால் 64, ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25. அறுபத்து நாலை இருபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள், விடை கிடைக்கும். ஆகவே 5 அங்குல மழைமானிக்கு உரிய கிளாசைக் கொண்டு 8 அங்குல மழைமானியின் தண்ணீரை அளந்தால், ஓர் அங்குல மழை இரண்டரை அங்குலத்துக்கும் மேல் காட்டும். கடன் வாங்கிய கிளாஸ் ஆபீஸ் மேசை இழுப்பறையில் இன்னும் கிடந்தது. அதில் 5 அங்குலம் என்று பொறித்திருந்தது. ஆனால் பழைய மழைமானியின் வாய் எத்தனை அங்குலம்? சொல்வார் இல்லை. பாத்திரமும் இல்லை. ஒன்பது மாதங்கள், வெயிலிலும் மழையிலும் ஒருவர் நடந்து போய் எடுத்த கணக்கு, நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நிற்கிறது.

எண் இருக்கிறது, அளந்த கருவி இல்லை. இதே சங்கடம் மிகப் பெரிய அளவில் இத்தாலி நாட்டில் ஒரு காலத்தில் நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

வெயில் சுடுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்று மனிதன் ஆதி காலத்திலிருந்து சொல்லி வருகிறான். எவ்வளவு சுடுகிறது என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. 1600-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கலிலியோவும் வேறு சில அறிஞர்களும் ஒரு கருவியைச் செய்து பார்த்தார்கள். மேலே ஒரு கண்ணாடிக் குமிழ். அதிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய குழாய். குழாயின் முனை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில். குமிழில் உள்ள காற்று சூடேறினால் விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளும். குளிர்ந்தால் சுருங்கித் தண்ணீர் மேலே ஏறும். நல்ல கருவிதான். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பாத்திரம் திறந்திருந்தபடியால் வெளிக்காற்றின் அழுத்தம் மாறும்போதும் தண்ணீர் ஏறி இறங்கியது. சூடு மாறியதா, காற்று மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இக்குறையைத் தீர்த்தவர்கள் புளோரன்ஸ் நகரத்தார். அந்நகரைத் தலைநகராகக் கொண்ட டஸ்கனி நாட்டை அப்போது மெடிசி குடும்பத்துப் பிரபுவான இரண்டாம் பெர்டினாண்டோ ஆண்டு வந்தார். அவருக்கு அறிவியலில் மிகுந்த ஈடுபாடு. குழாய்க்குள் தண்ணீருக்குப் பதிலாகத் திராட்சை மதுவிலிருந்து வடித்த சாராயத்தை ஊற்றி, குழாயின் வாயை நெருப்பில் உருக்கி மூடிவிட்டார்கள். இனி வெளிக்காற்று உள்ளே தலையிட முடியாது. இன்று நாம் வெப்பமானி என்று சொல்லுவதன் உண்மையான பிறப்பு இதுவே. பின்னர் 1657-இல் பெர்டினாண்டோவும் அவருடைய தம்பி லியோபோல்டோவும் சேர்ந்து ‘சிமென்டோ கழகம்’ என்ற அறிவியல் கழகத்தை நிறுவினார்கள். சிமென்டோ என்றால் சோதனை என்று பொருள். பத்து ஆண்டுகள் நடந்த அந்தக் கழகம், எதையும் செய்து பார்த்தே நம்புவது என்ற கொள்கை உடையது.

இங்கே ஒரு தொழிலாளியின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தோனியோ அலமான்னி என்பவர் அங்கே கண்ணாடி ஊதும் வேலை செய்தார். ஊதுகிறவர் என்ற பொருளில் அவரை எல்லாரும் ‘கோன்பியா’ என்றே அழைத்தார்கள். வாயால் ஊதி, கையால் இழுத்து, கண்ணால் மட்டம் பார்த்து அவர் செய்த சிறு வெப்பமானிகளில் 50 பாகைகள் இருக்கும். பாகைக்கு ஒன்றாகச் சிறு சிறு கண்ணாடிப் பொட்டுகளைக் குழாயின் மேலே உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒன்று செய்தாலும் பத்து செய்தாலும் எல்லாம் ஒரே எண்ணைக் காட்டும், அவ்வளவு கைத்திறன். தவளை வடிவத்திலும் வெப்பமானி செய்தார்கள். அதற்குள் சாராயத்தில் வண்ண மணிகள் மிதக்கும். நோயாளியின் கையில் அந்தக் கண்ணாடித் தவளையைக் கட்டிவிட்டு, எத்தனை மணி கீழே இறங்குகிறது என்று பார்த்துக் காய்ச்சலை அறிந்தார்களாம். பிள்ளைகளே, கேட்க வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? அந்தத் தவளைகளை இன்றும் புளோரன்ஸ் நகரக் காட்சிசாலையில் காணலாம்.

1654-ஆம் ஆண்டு பெர்டினாண்டோ பிரபு இன்னொரு பெரிய காரியம் செய்தார். ஒரே மாதிரியான வெப்பமானிகளைப் பல ஊர்களுக்கு அனுப்பி, நாள்தோறும் பல முறை பார்த்துக் குறித்து அனுப்பும்படி ஏற்பாடு செய்தார். புளோரன்ஸ், பீசா, பொலோனியா, மிலான் ஆகிய இத்தாலிய நகரங்கள் மட்டுமல்ல. ஆல்ப்ஸ் மலையின் இன்ஸ்புரூக், பிரான்சின் பாரிஸ், போலந்தின் வார்சா ஆகிய தூரத்து நகரங்களும் அதில் சேர்ந்திருந்தன. உலகில் பல ஊர்களை ஒன்றாக இணைத்து நடந்த முதல் வானிலைக் கணக்கெடுப்பு இதுதான். சில இடங்களில் குறிப்பெழுதும் வேலையைத் துறவியர் ஏற்றுக்கொண்டனர். வல்லொம்ப்ரோசா என்ற மலைக்காட்டு மடத்தில் 1670 வரை இந்த வேலை நடந்தது. பனி கொட்டும் இரவிலும் விளக்கை ஏந்திப் போய், பொட்டுகளை எண்ணி, ஏட்டில் எழுதினார்கள்.

கழகம் கலைந்தது. பிரபுவும் இறந்தார். கருவிகள் மூலைக்குப் போயின. ஏடுகள் மட்டும் தங்கின. ஏட்டைத் திறந்தால் ஒரு நாள் 15, ஒரு நாள் 30 என்று எண்கள். அந்த 30 என்றால் எவ்வளவு சூடு? யாருக்கும் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? கோன்பியா தம் கண்ணையும் கையையும் நம்பிப் பொட்டு வைத்தார். எல்லா இடத்திலும் மாறாத இரண்டு நிலைகளை அடையாளமாக வைத்து, நடுவே சமமாகப் பிரிக்கும் முறை அப்போது நிலைபெறவில்லை. அந்த முறை பிறகுதான் வந்தது. 1724-இல் பாரன்ஹீட் தம் அளவையை வெளியிட்டார். அதன்படி பனிக்கட்டி உருகுவது 32 பாகை. 1730-இல் ரியோமர் என்ற பிரெஞ்சு அறிஞர் வேறோர் அளவை கொண்டு வந்தார். அதில் பனிக்கட்டி உருகுவது 0. தண்ணீர் கொதிப்பது 80. 1742-இல் சுவீடன் நாட்டுச் செல்சியஸ் நூறு பாகை அளவையைத் தந்தார். அவர் கொதிநிலையை 0 என்றும் உருகுநிலையை 100 என்றும் வைத்திருந்தார். அவர் 1744-இல் இறந்த பிறகே அது தலைகீழாக மாற்றப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது. நமக்கு முந்திய தலைமுறையினர் காய்ச்சலை 98.6 என்ற கணக்கில் பார்த்தார்கள். நாம் 37 என்ற கணக்கில் பார்க்கிறோம். இரண்டும் ஒரே உடம்புச் சூடுதான். எது எந்த அளவை என்று தெரிந்திருப்பதால் நாம் குழம்புவதில்லை.

புளோரன்ஸ் ஏடுகளோ, அளக்கும் படி தொலைந்த வீட்டில் “பத்துப் படி கொடுத்தோம்” என்று எழுதி வைத்த கணக்கைப்போல் ஆயின. பெரிய படியா, சின்னப் படியா? எழுதியவரும் இல்லை, படியும் இல்லை. ஏறக்குறைய 160 ஆண்டுகள் அப்படியே கிடந்தன.

1829-ஆம் ஆண்டு. புளோரன்சில் இருந்த இயற்கை அறிவியல் காட்சிசாலையில் பழைய பொருள்களுக்கிடையே ஒரு பெட்டி அகப்பட்டது. திறந்து பார்த்தால் உள்ளே கண்ணாடி வெப்பமானிகள். குழாயில் பொட்டுகள், எண்ணினால் 50. சிமென்டோ கழகத்தின் அதே வெப்பமானிகள்! யாரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, இதனால் என்ன பயன் என்று தூக்கி எறியாமல் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். அவர் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் வரலாறு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

குல்யெல்மோ லிப்ரி என்ற கணித அறிஞர் அவற்றைப் புதிய வெப்பமானிகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பழைய 0 பாகை என்பது செல்சியஸ் கணக்கில் உறைநிலைக்குக் கீழே சுமார் 19 பாகை. பழைய 50 பாகை என்பது சுமார் 55 பாகை. உருகும் பனிக்கட்டியில் வைத்தால் அது 13½ காட்டியது. பூட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது. ஏட்டில் 30 என்று எழுதியிருந்தால் அது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 25 பாகை என்று இப்போது சொல்ல முடிந்தது. துறவியர் எழுதி வைத்த பழைய எண்கள் மறுபடி பேசத் தொடங்கின. புளோரன்சின் தட்பவெப்பம் அவர்கள் காலத்துக்கும் தம் காலத்துக்கும் இடையே பெரிதாக மாறிவிடவில்லை என்ற முடிவுக்கு லிப்ரி வந்தார். உலகம் சூடாகி வருவதைப் பற்றி ஆராயும் இக்காலத்து அறிஞர்களும் அதே ஏடுகளை எடுத்து மீண்டும் கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்டி ஒன்று காப்பாற்றப்பட்டதால் வந்த பயன் இது.

ஆனால் நேயர்களே, இந்த லிப்ரியின் பிற்காலம் வருந்தத்தக்கது. அவர் பிரான்சுக்குப் போய்ப் பெரும் பதவிகளைப் பெற்றார். அங்குள்ள பொது நூலகங்களைப் பார்வையிடும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. அந்த நூலகங்களிலிருந்தே அரிய நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் அவர் கவர்ந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டது. அவர் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். 1850-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவர் இல்லாமலே விசாரித்துப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பழம்பொருளின் அருமையை உலகுக்குக் காட்டியவரே அதன் மீது கொண்ட ஆசையால் வழி தவறினார். சேர்ப்பது வேறு, அபகரிப்பது வேறு. பொதுவுக்கு உரிய பொருளைத் தன் அலமாரிக்குள் பூட்டிக்கொள்பவர் வரலாற்றைக் காப்பவர் ஆகமாட்டார்.

வெப்பமானியின் கதையைப் பார்த்தோம். அதன் உடன்பிறப்பான காற்றழுத்தமானியும் அதே புளோரன்சில்தான் பிறந்தது. ஆழமான கிணற்றிலிருந்து உறிஞ்சு குழாய் வைத்து நீர் இறைத்தவர்கள், சுமார் 10 மீட்டருக்கு மேல் நீர் ஏறுவதில்லை என்பதைக் கண்டிருந்தார்கள். ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. 1644-இல் டாரிசெல்லி அதற்கு விடை தந்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் நிறைந்த கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தினால், குழாயில் உள்ள பாதரசம் முழுவதும் கொட்டிவிடுவதில்லை. சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. அதைத் தாங்கி நிற்பது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் எடை. கடலின் அடியில் மீன் வாழ்வதுபோல் நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்பது அவர் கண்ட உண்மை. 1648-இல் பிரான்சில் பாஸ்கலின் மைத்துனர் பெரியே இக்கருவியைப் புய் தெ டோம் என்ற மலையின் உச்சிக்குச் சுமந்து சென்றார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. மேலே போகப் போகக் காற்று குறைகிறது என்பது மெய்யாயிற்று.

காற்றழுத்தம் சட்டென்று இறங்கினால் புயல் வரக்கூடும் என்பதைக் கடலோடிகள் அனுபவத்தில் கண்டார்கள். 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தை நெருங்கும் வேளையில், வேல்ஸ் கரையோரம் புயலில் மோதி உடைந்து, சுமார் 450 பேர் மாண்டனர். அந்நாட்டு வானிலைத் துறையை அப்போது நடத்தி வந்தவர் பிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி. டார்வின் பயணம் செய்த கப்பலின் தலைவரும் அவரே. அவர் 1861-இல் துறைமுகங்களுக்குத் தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். ஏழை மீனவர்கள் தங்கள் கையால் கருவி வாங்க முடியுமா? ஆகவே மீனவர் கிராமங்களில் எல்லாரும் பார்க்கும்படி பொதுவான காற்றழுத்தமானிகளை வைக்கவும் ஏற்பாடு செய்தார். படகை அவிழ்க்கும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் பல உயிர்களைக் காத்தது. பிரிட்டனின் சில சிறு துறைமுகங்களில் அந்தக் காலத்துக் கருவிகள் சுவரில் இன்றும் இருக்கின்றன.

செல்வர் வீடுகளுக்கு வேறு வகை வந்தது. கடிகாரம்போல் வட்ட முகம், ஒரு முள், சுற்றிலும் ‘மழை’, ‘மாற்றம்’, ‘நல்ல வானிலை’ என்று ஆங்கிலச் சொற்கள். 1844-இல் பிரெஞ்சுக்காரரான விடி என்பவர் பாதரசமே இல்லாமல், காற்று நீக்கிய உலோகப் பெட்டி ஒன்றை வைத்துச் செய்யும் முறையைக் கண்ட பிறகு இவை பயணத்துக்கும் ஏற்றவை ஆயின. அப்படி ஒன்றைப் பழைய துரை பங்களா ஒன்றின் சுவரில் நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மழை கொட்டும்போதும் அதன் முள் அசையாது. வெயில் அடிக்கும்போதும் அசையாது. கெட்டுப்போன கடிகாரம் என்றே நாங்கள் நினைத்தோம். அது கெட்டுப்போகவில்லை என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில்தான் எனக்கு விளங்கியது. பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கும் நம் நாட்டில் காற்றழுத்தம் மழைக்காக அதிகம் மாறுவதில்லை. காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் சிறிது ஏறும். மாலை நான்கு, விடியல் நான்கு வாக்கில் சிறிது இறங்கும். கடலின் ஏற்றவற்றம்போல் தினமும் இருமுறை நடக்கும் இந்தச் சிறு அசைவைத் தவிர வேறு பெரிய மாற்றம் அரிது. முகத்தில் எழுதிய சொற்கள் குளிர்நாட்டு வானத்துக்காக எழுதியவை. கருவி நம் வானத்தைச் சரியாகத்தான் அளந்தது. எழுத்துத்தான் வேறு நாட்டுக் கதையைச் சொன்னது. பழைய கருவி ஒன்றைப் பார்க்கும்போது, யாருக்காக, எந்த ஊருக்காகச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும் என்பதை அந்த முள் எனக்குக் கற்பித்தது.

இப்படிப்பட்ட கருவிகளைத் தேடிச் சேர்த்தவர்களால் நல்ல காட்சிசாலைகள் உருவாகியிருக்கின்றன. அறிவியல் கருவிகள் செய்யும் தொழிலில் இருந்த ராபர்ட் விப்பிள் என்பவர், தாம் சேர்த்த சுமார் 1000 கருவிகளை 1944-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவர் வாங்கியவற்றுள் சில போலிகள் என்பது பின்னால் தெரிந்தது. ஆயினும் எது மெய், எது பொய் என்று ஆராயும் கல்வியே அவர் சேர்த்த கருவிகளால் வளர்ந்தது. புளோரன்ஸ் காட்சிசாலைக்கு வேறு விதமான சோதனை வந்தது. 1966 நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ ஆறு பெருகி ஊருக்குள் புகுந்தது. காட்சிசாலையின் தலைவியாக இருந்த மரியா லூயிசா ரிகினி பொனெல்லி அம்மையார், உயிருக்கு அஞ்சாமல் கலிலியோவின் தொலைநோக்கிகளையும் பிற அரிய கருவிகளையும் தம் கையாலேயே பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டு சேர்த்தார். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் எதை முதலில் தூக்குவோம் என்பதை நாம் அறிவோம். அந்த அம்மையார் தூக்கியது ஊரின் நினைவை.

தமிழருக்கும் இதில் ஓர் உறவு உண்டு. சென்னையில் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் ஒரு வானாய்வுக் கூடம் கட்டினார்கள். கருவியைத் தாங்க ஒரே கல்லால் ஆன கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். அந்தத் தூணில் இலத்தீன் முதலிய மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருகிறவர்களும் இதை அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. அங்கே 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எடுத்து வந்தார்கள். வானாய்வு வேலை 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. கல் தானாக நிற்கும். கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்க மனிதர் கை வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடியது என்ன? முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய வெப்பமானியிலும் காற்றழுத்தமானியிலும் பாதரசம் இருக்கலாம். வெள்ளி மணிபோல் உருளுவதைப் பார்த்துப் பிள்ளைகள் விளையாட ஆசைப்படுவார்கள். அதன் ஆவி நஞ்சு. மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே பாதரசம் உள்ள காற்றழுத்தமானியைச் சாய்க்கவோ படுக்க வைக்கவோ கூடாது. வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டியான காகிதத்தால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி எடுத்து, மூடியுள்ள போத்தலில் அடைத்து, ஆஸ்பத்திரியிலோ உரிய இலாகாவிலோ கேட்டு ஒப்படையுங்கள். 2013-இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தத்தின்படி புதிதாகப் பாதரசக் கருவிகள் செய்வது நிறுத்தப்பட்டு வருகிறது. ஆகவே பழையவை மேலும் அரிதாகும். அரிதான பொருள் ஆபத்தில்லாத பொருள் ஆகிவிடாது.

இரண்டாவது, கருவி அகப்பட்டால் பளபளப்பாகத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் செய்தவர் பெயரும் எண்ணும் அழிந்துபோகும். உடைந்த பாகத்தையும் எறியாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு செய்திகளை எழுதிக் கூடவே வையுங்கள்: இது என்ன, எங்கே இருந்தது, எந்த ஆண்டுகளில் பயன்பட்டது, யார் கையாண்டார். பெயரில்லாத கருவி வெறும் கண்ணாடி. தோட்டத்துச் சொத்தாக இருந்தால் ஆபீசில் கேட்டு அனுமதி பெற்றே எடுங்கள்; லிப்ரியின் கதையை மறவாதீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், பால் நிறுத்த தராசைப் பற்றியும் மெட்ரோலாக்கைப் பற்றியும் கேட்டு எழுதுங்கள். நம் பெற்றோரின் உழைப்பை அளந்த கருவிகள் அவை. எத்தனை ராத்தல் என்று கணக்கில் ஏறிய எண் சரியா தவறா என்பதை நாளை ஒருவர் ஆராய விரும்பினால், கருவி இல்லாமல் எப்படி ஆராய்வார்?

கடைசியாக, எங்கள் மழைக் கணக்குக்கு வருகிறேன். புளோரன்ஸ் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “சார், மழைமானி இல்லாட்டி பரவாயில்லை, அது இருந்த இடம் இருக்குமே?” என்றாள். ஆபீசுக்குப் பின்னால் போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தோம். பாத்திரத்தைப் பதித்திருந்த சிமெண்டுக் கட்டை அங்கேயே இருந்தது. நடுவே வட்டமான குழி. பிள்ளைகள் அடிக்கோலை வைத்து அளந்தார்கள். 8 அங்குலத்துக்குச் சற்று மேல். 5 அங்குலப் பாத்திரம் அதில் நிலையாக நின்றிருக்காது. அந்த ஒன்பது மாதக் கணக்கை 2.56-ஆல் வகுத்தோம். 20 என்பது 8-க்கு அருகில் வந்தது. 23 என்பது 9 ஆயிற்று. முன்னும் பின்னும் உள்ள மாதங்களோடு அது ஒத்துப்போயிற்று. ஐயத்துக்கு இடமில்லாத சான்று என்று இதைச் சொல்லமாட்டேன். பழைய எழுத்தைத் திருத்தவும் இல்லை. ஒரு தனித்தாளில் நாங்கள் கண்டதை எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, பேரேட்டின் உள்ளே வைத்தோம். கடன் வாங்கிய அந்தக் கிளாசையும் துணியில் சுற்றி, பெயர் எழுதி, ஒரு பெட்டியில் போட்டு ஆபீசிலேயே பத்திரப்படுத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

உங்கள் வீட்டிலோ, உங்கள் தோட்டத்திலோ அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று இன்று மாலை தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஒன்று வையுங்கள்.